கோழிக்கு வயிற்றில் நீர் கோத்தால்: எடுப்பதா, விடுவதா, முடிப்பதா?

எங்கள் கோழி பவுனுக்கு வயிறு பெருத்ததை முதலில் கண்டது அம்மாதான். "அதுக்க நடையப் பாரு மக்களே, நெறமாசப் பொம்பள மாதிரி நடக்கு" என்றாள். திங்கள்சந்தையில் வெடக்கோழியாக வாங்கி இரண்டரை வருடம் ஆகிறது. ஹைபிரிட் ரகம், செம்பட்டை நிறம். மழை வெயில் பாராமல் முட்டை போட்ட கோழி, புரட்டாசியில் நிறுத்திவிட்டது. முட்டை நின்றதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, இறகு உதிர்க்கிற நேரம் என்று நினைத்தேன். அன்றைக்கு ராத்திரி கூட்டை அடைக்கும்போது தூக்கிப் பார்த்தால் எடை கொஞ்சமும் குறையவில்லை, ஆனால் மார்பெலும்பு கத்தி மாதிரி விரலில் குத்துகிறது, கீழே வயிறு மட்டும் பால் பாக்கெட்டை அமுக்கினால் எப்படி இருக்குமோ அப்படித் தளும்புகிறது. அதாவது சதையெல்லாம் கரைந்து போயிருக்கிறது, அந்த எடையை நீர் ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த நிலைக்கு வந்த கோழியை என்ன செய்வது என்று கேட்டால் நம்ம ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள். அறுத்துவிடு, ஊசி போட்டு நீரை எடு, கீழாநெல்லி அரைத்துக் கொடு, அப்படியே விடு அதுபாட்டுக்கு இருக்கும். நான் இந்த மூன்று மாதத்தில் அறுப்பதைத் தவிர ஏறக்குறைய எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். ஒவ்வொன்றும் எந்தக் கோழிக்குச் சரிவரும், எதற்கு வராது என்று எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை, தென்னை விளைக்குள்ளே நாலு கோழி வைத்திருக்கிறவன்.

முதலில் அது நீர்தானா என்று பாருங்கள், ஏனென்றால் வயிறு வீங்கியதெல்லாம் நீர் இல்லை. கழுத்துக்குக் கீழே முன்பக்கம் வீங்கியிருந்தால் அது தீனிப்பை, வேறு கதை. முட்டை அடைத்திருந்தால் பின்பக்கம் கெட்டியாக ஒன்று தட்டுப்படும், கோழி நேற்றுவரை நன்றாக இருந்துவிட்டு இன்றைக்கு வாலை ஆட்டி ஆட்டி முக்கிக்கொண்டிருக்கும், அது ஒன்றிரண்டு நாளில் முடிவு தெரிகிற அவசரம், வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைத்து, சுண்ணாம்புச் சத்து கொடுத்து, உடனே டாக்டரிடம் போக வேண்டும். (குளச்சல் பக்கம் சிப்பி வாங்கித் தின்கிறவர்கள் ஓட்டை வீசாமல் காயவைத்து இடித்துக் கோழிக்கு வைத்தால் இந்த அடைப்பு பாதி குறையும் என்பது என் எண்ணம்.) கொழுப்பு என்றால் பிசைந்த மாவு மாதிரி இருக்கும், மார்பிலும் சதை இருக்கும். நீர் என்றால் நான் சொன்ன பால் பாக்கெட்தான், மெதுவாக, வாரக்கணக்கில் ஏறும், கோழி பெங்குவின் மாதிரி நிமிர்ந்து நிற்கும், கொண்டை வெளிறும் அல்லது ஊதா பாயும், நாலு அடி நடந்தாலே வாயைத் திறந்து மூச்சு வாங்கும். பறவைக்கு நமக்கிருப்பதுபோல நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானம் கிடையாது, மூச்சுக்கான காற்றுப்பைகள் வயிறுவரை இறங்கிக் கிடக்கின்றன. அதனால் வயிற்று நீர் நேராக மூச்சைத்தான் அமுக்கும்.

அடுத்த விஷயம்தான் முக்கியம், இதை விளங்கிக்கொள்ளாமல்தான் நானும் ஒரு வாரத்தை வீணாக்கினேன். நீர் என்பது நோய் இல்லை, உள்ளே எங்கேயோ ஒன்று கெட்டதின் அடையாளம். பெரிய கறிக்கோழிகளுக்கு உடம்பு வளர்கிற வேகத்துக்கு இதயமும் நுரையீரலும் ஈடுகொடுக்க முடியாமல் நீர் கோக்கும். வயதான முட்டைக்கோழிக்குப் பெரும்பாலும் முட்டை உண்டாகிற இடத்தில்தான் கோளாறு: சினைப்பையிலோ கருக்குழாயிலோ கட்டி, அல்லது மஞ்சள்கரு குழாய்க்குள் போகாமல் வயிற்றுக்குள் விழுந்து சீழ்வைப்பது. கல்லீரல் கெட்டாலும் இப்படி வரும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த தேங்காய்ப் புண்ணாக்கையும் கடலைப் புண்ணாக்கையும் 'கோழிதானே' என்று போடுகிறோமே, அந்தப் பூஞ்சை நஞ்சு நேராகக் கல்லீரலைத்தான் பிடிக்கும். உப்பு இன்னொன்று. கருவாட்டுத் தலையும் உப்புப் போட்ட மீன் கழிவும் கடற்கரை ஊர்களில் கோழிக்கு அன்றாடச் சாப்பாடு, உப்பு கூடினால் நீர் கோப்பதும் கூடும்.

கட்டி வருவதற்கு நாம்தான் பாதிக் காரணம் என்று சொன்னால் கோபப்படாதீர்கள். நம்ம கோழிக்கு மூதாதையான, காட்டில் இருக்கிற செங்காட்டுக்கோழி வருடத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான் இடும். நம்ம நாட்டுக்கோழி அதைப்போலப் பல மடங்கு, ஹைபிரிட் கோழி 300 பக்கம். ஒவ்வொரு முட்டைக்கும் சினைப்பை ஒரு தடவை கிழிந்து ஆறுகிறது. மனிதருக்கு வருகிற சினைப்பைப் புற்றுநோயை ஆராய்கிறவர்களே முட்டைக்கோழியை வைத்து ஆராய்கிறார்கள், ஏனென்றால் யாரும் எதுவும் செய்யாமல் தானாகவே அந்த நோய் இவ்வளவு அதிகமாக வருகிற பிராணி வேறு கிடைப்பது அரிது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

ஒன்றும் செய்யாமல் விடுவது என்று சொல்கிறவர்களைத் திட்டிவிட வேண்டாம், ஆரம்பத்தில் அது நல்ல யோசனைதான். கோழி தின்கிறது, மண்ணில் புரள்கிறது, மூச்சு வாங்கவில்லை என்றால் ஊசியோடு அதன் பின்னால் ஓட வேண்டியதில்லை. ஆனால் 'விடுவது' என்றால் கூட்டில் மற்ற கோழிகளோடு போட்டுவிட்டு மறந்துபோவது இல்லை. பரணில் ஏறிக் குதிக்க விடக்கூடாது, தரையோடு வைக்கோலோ மரத்தூளோ போட்டுப் படுக்க வைக்கணும். தண்ணீரும் தீனியும் எட்டுகிற தூரத்தில். தீனியில் மரச்சீனிக் கிழங்கும் சோறும் குறைத்து, அவித்த முட்டை, உப்பில்லாத மீன், பயறு என்று புரதம் கூட்டணும், ஏனென்றால் அந்த நீரோடு உடம்பின் புரதமும் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. தண்ணீரைக் குறைத்தால் வயிறு குறையும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நம்ம ஊர் புழுக்கத்துக்கு அது கொடுமை. அப்புறம் பின்பக்கம். வயிறு தொங்குவதால் எச்சம் இறகில் ஒட்டும், ஐப்பசி மழையில் ஈ மொய்த்தால் இரண்டே நாளில் புழு வைத்துவிடும், இதை நான் பக்கத்து வீட்டுக் கோழியில் கண்ணால் பார்த்தேன், அந்த நாற்றம் இன்னும் போகவில்லை. பின்பக்க இறகைக் கத்தரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, துணியால் ஈரம் ஒற்றி எடுத்துவிட வேண்டும், தினமும்.

நீர் எடுப்பது. மூச்சு வாங்க ஆரம்பித்த கோழிக்கு இதைப்போல உடனடி ஆசுவாசம் தருவது வேறில்லை. முதலில் போன இடத்தில் "கோழிக்கெல்லாமா?" என்று ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். இரண்டாவதாகப் போன டாக்டர் பவுனைக் கையில் வாங்கினார். என் நெஞ்சோடு சாய்த்து நிமிர்ந்த வாக்கில் பிடிக்கச் சொன்னார், மல்லாத்தக்கூடாதாம், மல்லாத்தினால் நீர் காற்றுப்பைகளை நெருக்கி அங்கேயே மூச்சு நின்றுவிடலாம். வலப்பக்கம் கீழே கொஞ்சம் இறகைப் பிடுங்கி, ஸ்பிரிட்டால் துடைத்து, அங்கேதான் ஊசி, இடப்பக்கம் அரைவைப்பை இருக்கும் என்றார். ஊசியை உள்ளேயே வைத்துக்கொண்டு 20 மில்லி சிரிஞ்சை மட்டும் கழற்றிக் கழற்றி பதினோரு தடவை. மெல்லிய கட்டன்சாயா (பால் விடாத டீ) நிறத்தில், தெளிவாக, விரலில் தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கிற நீர். இன்னும் உள்ளே இருந்தது, நான் "முழுசா எடுத்திரலாமே சார்" என்றேன். "முழுசா எடுத்தா பிரஷர் விழுந்து என் கையிலயே போயிரும்" என்றார். பவுன் அந்த இருபது நிமிடமும் அசையவில்லை. வீட்டுக்கு வந்து கூடையைத் திறந்ததும் நேராகப் போய் சாம்பல் குழியில் படுத்து இறக்கையை விரித்தது, மூன்று வாரமாகச் செய்யாத காரியம்.

நீரின் நிறத்தைக் கட்டாயம் பாருங்கள், கூலி கொடுத்து எடுக்கிற நீரில் பாதி லாபம் அந்தத் தகவல்தான். கலங்கலாக, மஞ்சள்கரு திரிந்த மாதிரி, நாற்றத்தோடு வந்தால் உள்ளே முட்டை விழுந்து சீழ்வைத்திருக்கலாம், அதற்கு மருந்து கொடுத்துப் பார்க்க அர்த்தம் உண்டு. தெளிவாக வந்தால் கட்டியோ கல்லீரலோ இதயமோ, அதற்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்து ஆகப்போவது குறைவு. இது முடிந்த தீர்ப்பு இல்லை, ஆனால் வெறும் கையால் அமுக்கிப் பார்த்து ஊகிப்பதைவிட எவ்வளவோ மேல்.

நாமே எடுக்கலாமா? வீடியோ பார்த்துவிட்டு மருந்துக்கடையில் ஊசி வாங்கி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், எடுத்துப் பிழைத்த கோழியும் உண்டு. என் கருத்து, முதல் தடவை வேண்டாம். நீர் என்று நினைத்துக் குத்துகிற இடத்தில் கட்டியோ குடலோ இருந்தால் கதை முடிந்தது, சுத்தமில்லாத ஊசி, இல்லாத சீழைப் புதிதாக உண்டாக்கும். டாக்டர் ஒரு தடவை எடுப்பதைக் கிட்ட நின்று பார்த்து, அவரே "அடுத்த தடவை நீங்க பண்ணலாம்" என்று இடத்தைக் காட்டிக் கொடுத்தால் அது வேறு. எனக்கு அவர் காட்டித்தான் கொடுத்தார். எனக்குக் கை வரவில்லை, மூன்று தடவையும் அவரிடமே கொண்டுபோனேன்.

மருந்துகளில் இரண்டு வகை. நீர் பிரிய வைக்கிற ஃபுரோசிமைடு, மனிதருக்கு லாசிக்ஸ் என்று கொடுப்பதுதான். இதயக் கோளாறால் கோத்த நீருக்கு இது நன்றாகக் கேட்கும், கட்டியால் வந்ததற்கு அவ்வளவாக இல்லை, அளவு கூடினால் கோழி வறண்டு போகும். தாத்தாவின் மாத்திரையை உடைத்துக் கொடுக்கிற வேலை வேண்டாம், இரண்டு கிலோ உயிருக்கு அளவை டாக்டர்தான் கணக்குப் போடணும். இன்னொன்று என்ரோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாட்டிக். கலங்கல் நீர் வந்த கோழிக்கு மட்டும், சொன்ன நாள் முழுவதும். அந்த நாட்களிலும் அதற்குப் பிறகும் அந்தக் கோழியின் முட்டையைச் சாப்பிடக்கூடாது, எத்தனை நாள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கீழாநெல்லிக்கு வருவோம். அம்மா அரைத்துக் கொடுத்தாள், நான் தடுக்கவில்லை. அதனால் கெடுதல் எதுவும் தெரியவில்லை, வயிறும் ஒரு விரல்கூட இறங்கவில்லை. கொடுக்கிறதானால் கொடுங்கள், அதைக் கொடுத்துவிட்டோம் என்று மூச்சு வாங்குகிற கோழியை ஒரு வாரம் வைத்திருப்பதுதான் தப்பு. அந்த ஒரு வாரத்தைத்தான் நான் வீணாக்கினேன் என்றேன்.

ஆபரேஷன் செய்து கருக்குழாயை எடுப்பது உலகத்தில் நடக்கிற காரியம்தான். முட்டையை நிறுத்துகிற ஹார்மோன் குச்சியைத் தோலுக்கடியில் வைப்பதும் உண்டு, ஆனால் நம்ம பக்கம் வைத்து நான் பார்த்ததில்லை. பெரிய இடத்தில் காட்டணும் என்றால் திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2012-ல் வந்தது, தக்கலையிலிருந்து போக ஏறக்குறைய 100 கிலோமீட்டர். மூச்சு வாங்குகிற கோழியைக் கூடையில் வைத்து ஆரல்வாய்மொழிக் காற்றில் அவ்வளவு தூரம் கொண்டுபோவதே அதற்கு ஒரு வதை. வயது குறைந்து, நீர் கலங்கலாக வந்து, நடமாட்டம் நன்றாக இருக்கிற கோழி என்றால் போகலாம். கட்டி என்று பட்டால் நான் போகமாட்டேன்.

செலவில்லாத ஒரு வழியை யாரும் சொல்வதில்லை, அது வெளிச்சம். வெளிச்சம் குறைந்தால் கோழி முட்டையை நிறுத்தும், முட்டை நின்றால் உள்ளே விழுந்து சீழ்வைப்பதும் நிற்கும். குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்தால் இது தானாக நடக்கும். நமக்கு அது கிடையாது, குமரி எட்டாவது அட்சரேகையில் கிடக்கிறது, பகல் வருடம் முழுக்க ஏறக்குறைய பதினொன்றரை மணிநேரத்துக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவேதான் ஆடுகிறது, வெளிச்சம் குறைந்து வருகிற ஓய்வு கோழிக்குக் கிடைப்பதில்லை. அதனால் சாயங்காலம் நாலு மணிக்கே கூட்டில் அடைத்து, காற்று போக இடம் விட்டு இருட்டாக்கி, காலை எட்டுக்குத் திறந்து பார்க்கலாம். கலங்கல் நீர் வந்து மருந்தில் தேறிய கோழிக்கு இது பிரயோஜனம். கட்டிக்கு இதனால் ஒன்றுமில்லை.

கடைசி வழியைத்தான் எல்லாரும் முதலில் சொல்கிறார்கள். "அறுத்துக் கொழம்பு வச்சிருந்தா இந்நேரம் செமிச்சிருக்கும்" என்று அம்மாவும் சொன்னாள், முதல் தடவை நீர் எடுத்த செலவைக் கேட்டதும். கொல்வதும் சாப்பிடுவதும் இரண்டு வேறு விஷயம். வயிற்றில் நீர் கோத்த கோழியின் கறியை இறைச்சிப் பரிசோதனையில் பொதுவாகக் கழித்துவிடுவார்கள், மருந்து ஏறிய கோழி என்றால் கேட்கவே வேண்டாம். குழம்பு ஆசையை விட்டுவிடுங்கள். கொல்வது என்றால் கழுத்தை ஒரே முறிப்பில் முறிக்கத் தெரிந்த ஆள் செய்யணும், அல்லது டாக்டர் ஊசி. ஊசி போட்டு முடித்தால் நாய் தோண்டாத ஆழத்தில் புதைக்கணும், அந்த மருந்து தின்கிற நாயையும் பிடிக்கும்.

எப்போது முடிப்பது என்பதற்கு நான் வைத்துக்கொண்ட கணக்கு சின்னது. முதல் நீரை எடுத்த பிறகு வயிறு பழையபடி நிரம்ப எத்தனை நாள் ஆகிறது என்று காலண்டரில் குறித்தேன். நிரம்ப மாதக்கணக்கில் எடுக்கிற கோழிக்கு நீர் எடுத்து எடுத்து ஓட்டுவது நியாயம், நல்ல நாட்கள் கிடைக்கும். வாரக்கணக்கு என்றால் யோசிக்கணும். நாட்கணக்கில் இறங்கிவிட்டால் அது கோழிக்காக இல்லை, நமக்காக எடுப்பது. ஒவ்வொரு தடவையும் புரதம் போகிறது, ஒவ்வொரு தடவையும் பயந்து நடுங்குகிறது. இந்தக் கணக்கு எந்த மருந்தும் சொல்லாத ஒன்றைச் சொல்லும், அதனால்தான் ஒரு தடவையாவது எடுத்துப் பாருங்கள் என்கிறேன். எடுக்காமலே அறுப்பதும் எடுக்காமலே விடுவதும், உள்ளே என்ன வேகத்தில் நடக்கிறது என்று தெரியாமல் செய்கிற காரியம்.

பவுனுக்கு முதலில் 23 நாள். அந்த 23 நாளும் முற்றத்தில் மற்றதுகளோடு கிளறித் தின்றது, சேவலைக்கூட ஒரு தடவை விரட்டியது. அடுத்தது 12. மூன்றாவது தடவை எடுத்து வந்த ஐந்தாம் நாள் கார்த்திகை பிறந்திருந்தது, நல்ல மழை, கூட்டின் மூலையில் கழுத்தை நீட்டி வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தது, வைத்த அவித்த முட்டையை எறும்பு மொய்த்துக் கிடந்தது. அன்று மத்தியானம் டாக்டரை வரவழைத்தேன். மட்டிவாழைக்குப் பக்கத்தில் இடுப்பளவு தோண்டிப் புதைத்தேன்.

மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருக்கும்போது அம்மா வாசலில் நின்று, பவுனோடு ஒரே நாளில் வாங்கிய இன்னொரு கோழியைக் காட்டினாள். "மக்களே, அதுக்க வயித்தையும் ஒண்ணு தொட்டுப் பாரு" என்றாள்.